சாயத்துக்கு விடை, பீட்ரூட்டுக்கு வரவேற்பு!
கிறிஸ்துமஸ் பிஸ்கட் வீட்டிலேயே சுடலாம்

நாகர்கோவில், டிச. 18–

கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா டிசம்பர் 3-ந்தேதி முடிந்தால் போதும். நாகர்கோவில் அடுக்களைகளில் அடுத்த வேலை ஆரம்பம்! வாசலில் நட்சத்திர விளக்கு தொங்கும். முற்றத்தில் குடில் எழும்பும். உள்ளே சிறுபயறு வறுபடும் வாசம் மூக்கைத் துளைக்கும்.

முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, பிளம் கேக். இந்த மூன்றும் இல்லாமல் இங்கே கிறிஸ்துமஸ் ஏது?

ஆனால் பிள்ளைகளின் கண் இப்போது வேறு பக்கம். பேக்கரி கண்ணாடிக்குள் நட்சத்திரம், மணி, மரம் என்று சிவப்பும் பச்சையுமாக ஐசிங் போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த பிஸ்கட்தான் வேண்டும். "அம்மா, அந்த சொவப்பு நட்சத்திரம் வாங்கித் தா" என்று ஒரே பிடிவாதம்.

வாங்கிக் கொடுக்கலாம். அதற்கு முன் அந்த சிவப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

பஞ்சுமிட்டாய் சொன்ன பாடம்

2024 பிப்ரவரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாயை சோதித்தார்கள். ரோடமின்-பி இருந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற சாயம் அது! முதலில் புதுச்சேரியில் தடை வந்தது. அடுத்து தமிழக அரசும் தடை போட்டது.

உணவில் சேர்க்க நம் நாட்டில் அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் எட்டே எட்டுதான். அவற்றுக்கும் அளவு உண்டு. பெயரும் சீட்டும் இல்லாமல் பொட்டலமாக மடித்துத் தரும் பொடியில் இருப்பது எது என்று நாக்குக்குத் தெரியாது.

அடுத்தது கொழுப்பு. பிஸ்கட் மொறுமொறுவென்று இருக்க வனஸ்பதி போடுவது பழைய பழக்கம். அதில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு, ரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி நல்லதை இறக்கும். எண்ணெய், கொழுப்புகளில் இது 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2022 ஜனவரி முதல் இந்தியாவில் சட்டம் இருக்கிறது. வீட்டில் சுடுகிறவர்கள் வனஸ்பதியை விட்டு வெண்ணெய்க்கு மாறலாம். வெண்ணெயும் கொழுப்புதான் ஐயா, அளவோடு போடுங்கள்!

மாறாமலை கிராம்பு இருக்க பயமேன்?

ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுக்கு இஞ்சியும் கிராம்பும் பட்டையும் போடுவார்கள். அந்தக் கிராம்பு நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில்! மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைப் பக்கம் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்து விட்டது. கருப்பட்டியும் நம்மூர்ச் சரக்கு. பிறகு என்ன?

கோதுமை மாவு 150 கிராம், கேழ்வரகு மாவு 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், கருப்பட்டி 100 கிராம். சுக்குப்பொடி ஒரு சின்ன ஸ்பூன், கிராம்புப்பொடி ஒரு சிட்டிகை, பேக்கிங் பவுடர் அரை ஸ்பூன். 30 பிஸ்கட் வரை வரும். கேழ்வரகு மட்டும் போட்டால் சத்து என்று நினைத்து முழுக்கப் போட்டு விடாதீர்கள். அதற்குப் பிடிப்பு கிடையாது. அச்சு வெட்டி எடுக்கும்போதே உதிர்ந்து போகும்.

கருப்பட்டியை அப்படியே இடித்துப் போடவும் கூடாது. மண்ணும் நாரும் கிடக்கும். மூன்று ஸ்பூன் தண்ணீர் விட்டு உருக்கி, துணியில் வடிகட்டி, நன்றாக ஆற விட வேண்டும். சூட்டோடு ஊற்றினால் வெண்ணெய் உருகி மாவு கையில் நிற்காது. பிசைந்த மாவை அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு கால் அங்குல கனத்துக்குப் பரத்தி வெட்டி, 170 டிகிரி சூட்டில் 12 முதல் 15 நிமிடம்.

ஓவன் இல்லையா? கனமான பாத்திரத்தில் மணலோ கல்லுப்போ பரப்பி, மூடி, பத்து நிமிடம் சூடாக்கி, உள்ளே ஒரு வளையம் போட்டு அதன் மேல் தட்டை வைக்கலாம். 25 நிமிடம் வரை ஆகும். குக்கரில் செய்தால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கண்டிப்பாகக் கழற்றி விட வேண்டும்.

"கருப்பட்டி போட்டா கருப்பால்லா இருக்கும், பிள்ளைய திங்குமா?" என்று பாட்டிமார் கேட்பார்கள். அங்கேதான் அலங்காரம் வருகிறது!

ஆரத்தித் தட்டு வித்தை

பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, சாறு பாதியாகும் வரை காய்ச்சி, பொடித்த சர்க்கரையில் சொட்டுச் சொட்டாக விட்டால் நல்ல சிவப்பு. பச்சைக்கு, நிழலில் உலர்த்தி சலித்த முருங்கை இலைப்பொடி. மஞ்சளுக்கு மஞ்சள்பொடி, கத்தி முனை அளவு போதும். அதில் சோடா உப்பு பட்டால் சிவந்து போகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த கதைதான்!

பிஸ்கட் முழுக்க ஆறிய பிறகே பூச வேண்டும். அடுப்புக்குள் போனால் பீட்ரூட் நிறம் மங்கிப் பழுப்பாகி விடும். முழுக்கப் பூசவும் வேண்டாம். ஓரத்தில் ஒரு கோடு, நடுவில் ஒரு உலர்ந்த திராட்சை, மேலே கொஞ்சம் எள்ளு அல்லது தேங்காய்ப்பூ. ஐந்து பெரிய ஸ்பூன் பொடித்த சர்க்கரை 30 பிஸ்கட்டுக்கும் தாராளம். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே விட்டு விடுங்கள். கோணல் மாணலாகத்தான் வரும். வரட்டும்!

சுகர்காரர்கள் கவனிக்க

"கருப்பட்டிதானே, சுகர் ஏறாது" என்று சொல்லிக்கொண்டு தட்டைக் காலி பண்ணுகிறவர்கள் நம்மூரில் அதிகம். இது தவறு. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். மணமும் கொஞ்சம் தாது உப்பும் கூடுதல், அவ்வளவே. சீனி கலந்த போலிக் கருப்பட்டி வேறு சந்தையில் நடமாடுகிறது.

மேலே சொன்ன கணக்கில் ஒரு பிஸ்கட்டில் இனிப்பு சுமார் ஒரு டீஸ்பூன். சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லி விட்டது. காலையில் டீ, பத்து மணிக்கு கேக், பக்கத்து வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து என்று வந்தால் கணக்கு எங்கே நிற்கும்? சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒன்றோ இரண்டோ, அதுவும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு.

அச்சு முறுக்கும் பிஸ்கட்தானே?

பூப்போட்ட பிஸ்கட் என்ன புதுசா? அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, எள்ளு கலந்து இரும்பு அச்சில் தோய்த்து எடுக்கும் அச்சு முறுக்கை இங்கிலீஷில் 'ரோஸ் குக்கீஸ்' என்றுதான் சொல்கிறார்கள்! அச்சை முதலில் எண்ணெயில் காய வைக்க வேண்டும். முக்கால் பாகம்தான் மாவில் முங்கலாம். முழுதும் முங்கினால் பூ அச்சை விட்டுக் கழலாது. இதற்குச் சாயமே தேவை இல்லை. பொரித்த எண்ணெயை மட்டும் பொங்கலுக்கும் எடுத்து வைக்காதீர்கள்.

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு கிடையாது என்பது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியம். கொடிமுந்திரிக் குலை மாதிரி மும்மூன்றாக ஒட்டி இருப்பதால் அந்தப் பெயர். உள்ளே சிறுபயறு, கருப்பட்டி, தேங்காய், எள்ளு. சத்துக்குக் குறைவில்லை. எண்ணெயில் பொரிப்பது ஒன்றுதான் குறை.

பிஸ்கட்டை 22-ந்தேதி சுட்டு டின்னில் அடைத்தால் பத்து நாள் கெடாது. பீட்ரூட் ஐசிங் அப்படி இல்லை. இரண்டு நாளில் தின்று தீர்க்க வேண்டும். ஆகவே அதை 24-ந்தேதி சாயங்காலம் பூசுங்கள். ராத்திரி கேரல் பாட வரும் கூட்டம் வாசலில் நிற்கும்போது தட்டை நீட்ட சரியாக இருக்கும்.