கண்மாய்க் கரம்பையும் கீழடி ஓடும்: எலெக்ட்ரான் பூதக்கண்ணாடி காட்டும் உண்மைகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிவகங்கை முதலிய பகுதிகளில் கோடையில் கண்மாய் வற்றியதும், அதன் உள்வாயிலிருந்து கரம்பை மண்ணை வெட்டி வண்டிகளில் ஏற்றிச் செம்மண் நிலங்களுக்கு அடிப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்பது குடியானவர்கள் யாவரும் அறிந்ததே. அதே கண்மாய் மண்ணைத்தான் குயவரும் பாண்டம் வனைய எடுக்கின்றனர். கிராமத்துப் பெண்டிர் தலைக்குத் தேய்த்துக் குளிப்பதற்கும் அதையே உபயோகித்து வந்தனர். வயலில் ஈரத்தை நிறுத்துவதும், திகிரியில் குயவன் கைக்கு இணங்கி வளைவதும், மயிரிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை வாங்கிக் கொள்வதும் ஒரே மண்ணின் குணங்களாகும். இம்மூன்று குணங்களுக்கும் வேர் ஒன்றே. ஆனால் அது வெறுங் கண்ணுக்கு மட்டுமின்றிச் சாதாரணப் பூதக்கண்ணாடிக்கும் புலப்படுவதில்லை. அதைக் கண்டறிய உதவிய கருவியைப் பற்றியும், அக்கருவி இந்த ஜில்லாவின் மண்ணிலிருந்தே எடுத்த ஒரு பழைய ஓட்டில் காட்டிய விந்தையைப் பற்றியும், இவற்றால் விவசாயிக்கு என்ன பயன் என்பது பற்றியும் இங்கே கூறப்படும்.

சாதாரணப் பூதக்கண்ணாடி ஒளியைக் கொண்டு வேலை செய்வது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலை நீளம் உத்தேசமாக 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர் ஆகும். மனிதனுடைய தலைமயிர் ஒன்றின் பருமன் பல்லாயிரம் நானோமீட்டர் இருக்கும். அலையின் நீளத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழ்ப்பட்ட பொருள்களை ஒளியால் பிரித்துக் காட்ட இயலாது; கண்ணாடியை எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்தாலும் சுமார் 200 நானோமீட்டருடன் அதன் சக்தி நின்றுவிடும். பெரிய கயிற்றால் ஊசியில் நூல் கோக்க முயல்வது போன்றது அது.

ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான்களைச் செலுத்தினால் இத்தடை நீங்கும். இரண்டு லக்ஷம் வோல்ட் மின்சார வேகத்தில் தள்ளப்பட்ட எலெக்ட்ரானின் அலை நீளம் 0.0025 நானோமீட்டரே. கண்ணாடி வில்லைக்குப் பதிலாக மின்காந்தச் சுருள்கள் எலெக்ட்ரான்களை வளைத்துக் குவிக்கின்றன. எர்ன்ஸ்ட் ரஸ்கா, மாக்ஸ் நோல் என்ற இருவர் 1931-ல் பெர்லின் நகரில் இவ்வகைக் கருவியை முதன்முதலாக அமைத்தனர். ரஸ்காவுக்கு அதற்கான நோபெல் பரிசு 55 ஆண்டுகள் கழித்து, 1986-ல்தான் கிடைத்தது. நமது தேசத்தில் நீரஜ் நாத் தாஸ்குப்தா 1940-களில் கல்கத்தாவில் இத்தகைய கருவி ஒன்றை அமைத்தார். இப்போதுள்ள உயர்தரக் கருவிகள் 0.2 நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டுகின்றன. அதாவது அணுக்களின் வரிசையே படத்தில் தெரியும்.

செட்டிநாட்டுக்கு இக்கருவி அந்நியமானதன்று. டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லக்ஷம் ரூபாயும் வழங்க, 1948-ஆம் வருஷம் ஜூலை 25-ல் ஜவாஹர்லால் நேருவால் அஸ்திவாரக்கல் நாட்டப்பெற்று, 1953-ஆம் வருஷம் ஜனவரி 14-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், மின்கலங்களுக்கும் துருப்பிடிக்காத பூச்சுக்களுக்கும் வேண்டிய வஸ்துக்களைப் பரீக்ஷிக்க எலெக்ட்ரான் பூதக்கண்ணாடிகள் பயன்பட்டு வருகின்றன.

களிமண்ணை இதில் பார்ப்பதற்குச் செய்யும் ஏற்பாடு எளியதாகத் தோன்றினும் மிகுந்த பொறுமையை வேண்டுவது. உலர்ந்த மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மணலையும் வண்டலையும் படிய விட்டு, மேலே மிதந்து நிற்கும் 0.002 மில்லிமீட்டருக்குக் குறைந்த களித்துகள்களை மாத்திரம் பிரித்தெடுப்பார்கள். அத்துகள்களைச் சாராயத்தில் கலைத்து, 3 மில்லிமீட்டர் அகலமுள்ள தாமிரச் சல்லடை ஒன்றின்மேல் ஒரு சொட்டு விட்டு உலர்த்துவார்கள். எலெக்ட்ரான்கள் ஊடுருவிச் செல்ல வேண்டியிருப்பதால் பொருளின் கனம் 100 நானோமீட்டருக்குள் இருத்தல் அவசியம். பிறகு காற்று முற்றும் நீக்கிய குழலுக்குள் சல்லடையைச் செலுத்திப் படம் எடுப்பார்கள்.

அப்படத்தில் களிமண் துகள் ஒரு புத்தகத்தை ஓரத்திலிருந்து பார்ப்பது போல ஏடு ஏடாகத் தோன்றும். ஏட்டுக்கும் ஏட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் இன்ன கனிமம் என்று சொல்லிவிடலாம். கருவியின் சிறப்பு இதில்தான் இருக்கிறது. கயோலின் என்னும் கனிமத்தில் அது சுமார் 0.7 நானோமீட்டர். இல்லைட்டில் சுமார் 1.0, அதன் ஏடுகளைப் பொட்டாசியம் இறுகப் பிணைத்து வைத்திருக்கிறது. கரிசல் மண்ணுக்கு அதன் குணத்தை அளிக்கும் மாண்ட்மாரில்லனைட் என்பதிலோ இடைவெளி ஒரு நிலையாக நிற்பதில்லை. தண்ணீர் புகுந்தால் ஏடுகள் விலகும், வற்றினால் நெருங்கும். கோடையில் கரிசல் தரையில் கையை விடுமளவு வெடிப்பு விடுவது கண்ணுக்குத் தெரியாத இவ்வேடுகள் கோடிக்கணக்கில் ஒருசேர ஒடுங்குவதாலேயே ஆகும்.

ஏடு மெல்லிதாக ஆக ஆக ஒரு பிடி மண்ணுக்குள் அடங்கும் பரப்பு பெருகுகிறது. ஒரு கிராம் மாண்ட்மாரில்லனைட்டின் ஏடுகளையெல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் 700 சதுர மீட்டர் வரை வரும். அரைத் தோலா எடுத்துக் கொண்டால் ஏறத்தாழ ஒரு ஏக்கர்! கயோலினுக்கு அவ்வளவு இல்லை. கிராம் ஒன்றுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர்தான். அதே அரைத் தோலாவுக்கு இரண்டு மூன்று சென்ட் நிலத்துக்குமேல் தேறாது. இப்பரப்பின்மீதுதான் தண்ணீர் ஒட்டி நிற்கிறது. களியேடுகள் எதிர்மின் தன்மை உடையவையாதலால் அம்மோனியம், பொட்டாசியம், சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் ஆகியவை மழையில் அடித்துச் செல்லப்படாமல் அவற்றின்மேல் தங்கிப் பயிரின் வேருக்குக் கிடைக்கின்றன. செட்டிநாட்டின் செம்மண்ணிலும் செம்பொறை மண்ணிலும் மணல் மிகுதி. இருக்கும் சொற்பக் களியும் பெரும்பாலும் கயோலின் வகையைச் சேர்ந்தது. இட்ட உரம் நிற்கவில்லை, பெய்த மழை மூன்றாம் நாள் காணவில்லை என்று குடியானவர் முறையிடுவதன் காரணம் இதுவே.

இனிக் கீழடிக்கு வருவோம். வைகைக் கரையில் திருப்புவனத்துக்கு அருகிலுள்ள இவ்வூரில் மத்தியத் தொல்பொருள் இலாகா 2014-15-ல் அகழ்வாராய்ச்சியைத் தொடங்கியது; பின்னர் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அதை ஏற்று நடத்தியது. அங்கே கிடைத்த பொருள்களை வைப்பதற்குச் செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பில் கட்டப்பட்ட அருங்காட்சியகம் 2023-ஆம் வருஷம் மார்ச் மாதம் திறக்கப்பட்டது. அகழ்ந்தெடுத்த பானை ஓடுகள் சிலவற்றின் உட்புறத்தில் கறுத்த பூச்சு ஒன்று இருந்தது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓடுகளின் அப்பூச்சைச் சுரண்டியெடுத்து வேலூர் வி.ஐ.டி. சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் பிறரும் எலெக்ட்ரான் பூதக்கண்ணாடியாலும் வேறு கருவிகளாலும் சோதித்து, 2020-ல் தங்கள் முடிவை வெளியிட்டனர். பூச்சில் கரியணுக்களாலான மிக நுண்ணிய குழல்கள் இருந்தன. அவற்றின் குறுக்களவு சராசரி 0.6 நானோமீட்டர். கரியின் ஏடுகளும் கூடவே காணப்பட்டன.

இக்குழல்கள் எத்தகையவை என்பதை இந்த ஜில்லாவிலேயே விளையும் மற்றொரு பொருளைக் கொண்டு விளக்கலாம். சிவகங்கைக்கு அருகில் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டியெடுத்துச் சுத்திகரிக்கும் கிராபைட், அதாவது பென்ஸில் கரி, 0.335 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கரியேடுகளே. அதில் ஓர் ஏட்டைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினால் கரிக்குழல் ஆகும். ஜப்பானியரான சுமியோ இஜிமா 1991-ல் இக்குழல்களைப் பற்றி எழுதிய பிறகே விஞ்ஞான உலகம் இவற்றின்மீது பெருங் கவனம் செலுத்தலாயிற்று. எஃகைவிடப் பன்மடங்கு உறுதியுள்ள இவை பழைய காலத்துப் பொருளில் இருப்பதாக 2006-ல் ஜெர்மனியில் அறிவிக்கப்பட்டது. அப்பொருள் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டமாஸ்கஸ் வாள். அவ்வகை வாளுக்குரிய உருக்கும் இந்தியாவிலிருந்து போனதே. கீழடி ஓடு அதற்கும் 2,000 ஆண்டுகளுக்குமேல் மூத்தது.

அக்காலத்துக் குயவன் கரிக்குழல் செய்ய எண்ணியிருப்பான் என்று எவரும் சொல்லத் துணியார். தாவரச் சாறு எதையேனும் பூசிப் பானையை அதிக உஷ்ணத்தில் சுட்டபோது அது உண்டாகியிருக்கலாம் என்பது ஆராய்ந்தவர்களின் ஊகம். அவன் கண்டது, இவ்விதம் பூசிச் சுட்ட பானையின் பூச்சு உரிவதில்லை என்ற அநுபவம் ஒன்றுதான். அந்த அநுபவம் பொய்க்கவில்லை என்பதற்கு 2,500 ஆண்டுகளுக்குமேல் மண்ணில் புதைந்தும் நீங்காத அக்கறுப்பே சாட்சி.

எனினும் இக்கருவி சொல்வதையெல்லாம் அப்படியே வயலுக்குப் பொருத்திவிடக் கூடாது. ஒரு சல்லடையில் ஏறும் மண் கடுகில் நூற்றில் ஒரு பங்குகூட இராது; அதைக் கொண்டு பத்து ஏக்கர் புஞ்சையின் தன்மையைத் தீர்மானித்தல் ஒரு நெல்லைப் பார்த்துக் களத்தின் கண்டுமுதலைச் சொல்வது போலாகும். காற்றில்லாக் குழலில் மண்ணின் ஈரமும் போய்விடுகிறது. ஹாலாய்ஸைட் என்னும் களியின் ஏடுகள் ஈரத்தோடிருக்கையில் 1.0 நானோமீட்டர் விலகியிருந்து, கருவிக்குள் 0.7-ஆகச் சுருங்கிவிடும், அதை அறியாதவர் வேறு கனிமம் என்று மயங்குவர். எலெக்ட்ரான் பட்டே களியேடுகள் சிதைவதும் உண்டு.

நானோ என்ற பெயருடன் விற்பனைக்கு வரும் உரங்களைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை. இஃப்கோ கூட்டுறவு ஸ்தாபனம் 2021-ல் வெளியிட்ட திரவ நானோ யூரியாவின் துகள் 20 முதல் 50 நானோமீட்டர் என்று கூறப்பட்டது. துகளின் அளவு சரியா என்பதைப் பூதக்கண்ணாடி சொல்லும். பயிர் விளையுமா என்பதைச் சொல்லாது. வெளிவந்தபோது அதில் தழைச்சத்து 4 சதவீதம். ஆகவே 500 மில்லிலிட்டர் புட்டியில் இருந்தது 20 கிராம். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதோ 20 கிலோவுக்கு மேல். இலையில் தெளிப்பதால் சத்து வீணாகாமல் உள்ளே சேரும் என்பது தயாரிப்பாளர் வாதம். இவ்வாதத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று டென்மார்க் தேசத்து விஞ்ஞானிகள் இருவர் 2023-ல் எழுதினர். லூதியானாவிலுள்ள பஞ்சாப் விவசாய சர்வகலாசாலையின் வயல் சோதனைகளில், மண்ணில் இடும் யூரியாவைக் குறைத்து இதைத் தெளித்தபோது நெல், கோதுமை இரண்டிலும் விளைச்சல் குறைந்தது. ஆகையால் அடியுரத்தையும் மேலுரத்தையும் நிறுத்திவிட்டுப் புட்டியை மாத்திரம் நம்புவது யுக்தமன்று. சோதித்துப் பார்க்க விரும்புகிறவர் வயலில் ஒரு மூலையை ஒதுக்கி, மற்றப் பகுதியின் விளைச்சலுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

கரம்பை விஷயத்தில் அத்தகைய சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் கண்மாயில் கிடைக்கும் மண்ணெல்லாம் கரம்பை ஆகிவிடாது. வரத்துக்கால் வந்து சேரும் முகப்பில் வேகம் குறையும் தண்ணீர் முதலில் மணலைத்தான் போடும். நுண்ணிய களி கரையை ஒட்டிய ஆழமான இடத்தில் படியும். வெட்டுக் கூலியும் வண்டிக் கூலியும் கொடுத்து முகப்பு மண்ணை அடிப்பவர் மணல் நிலத்துக்கு மேலும் மணலையே சேர்க்கிறார். மண்ணின் தரத்தைக் கையாலேயே ஓரளவு பார்க்கலாம். ஈர மண்ணை விரலிடுக்கில் நசுக்கி நாடா போல் நீட்டினால் இரண்டு அங்குலமாவது அறுபடாமல் வரவேண்டும். காய்ந்த இடத்தில் அகன்ற வெடிப்பு இருக்கவேண்டும். நீர்ப்பிடிப்பில் கரிசல் பரப்பு இருந்தால் வெடிப்பு அதிகமாயும், முழுதும் செம்மண்ணாயின் குறைவாயும் இருக்கும். உவர் பூத்த மண்ணைத் தொடவே வேண்டாம். ஐயமிருப்பின் அரைக் கிலோ மண்ணை எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவையும் கார அமில நிலையையும் பார்த்துக் கொள்ளலாம்.

தண்ணீரை நிறுத்தாத மணற்பாங்கான நிலத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 10 டன் கரம்பையும் அதே எடை தொழு உரமும் சேர்த்து இடுமாறு சிபாரிசு செய்யப்படுகிறது. களியோடு மக்கு சேர்ந்தால்தான் மண் கட்டிப்படாமல் பொலபொலப்பாக நிற்கும். கரம்பையை மட்டும் அடித்துவிட்டுத் தொழு உரத்தை மறப்பவர்கள் முதல் வருஷத்தில் ஏமாற்றம் அடைகிறார்கள். சித்திரை, வைகாசியில் அடித்துக் கட்டிகளைக் கோடை வெயிலில் காயவிட்டு, முதல் மழையில் அவை தாமே உதிர்ந்தபின் இரண்டு சால் உழுது கலக்கவேண்டும். சர்க்கார் கண்மாய்களில் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் மண் எடுக்கக் கட்டணம் இல்லை. தாசில்தாரிடம் மனுச்செய்து அனுமதி பெற்று, நஞ்சைக்கு ஏக்கர் ஒன்றுக்கு 75 கன மீட்டரும், புஞ்சைக்கு 90 கன மீட்டரும் வரை எடுக்கலாம். கரையையும் மடையையும் ஒட்டி வெட்டாமல் தக்க தூரம் விட்டு, குறிக்கப்பட்ட ஆழத்துக்குமேல் போகாமல் எடுக்கவேண்டும்.