இசைவாணரும் அவர் விரும்பும் கருவியும்

இசைக்கருவிகளுள் சிறந்தது எது? ஆசிரியர்களிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் வினா இது. வீணை தெய்விகமானது என்பார் ஒருவர்; நாகசுரத்திற்கு ஈடில்லை என்பார் மற்றொருவர்; வயலினின்றிக் கச்சேரியே இல்லை என்பார் வேறொருவர். மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இசைவாணர்கள் தமக்குரிய கருவியை எவ்வாறு தேர்ந்தார்கள், தேர்ந்தபின் அதனை என்ன செய்தார்கள் என்று ஆராய்ந்து பார்த்தால், இவ்வினாவையே சற்று மாற்றிக் கேட்க வேண்டியிருக்கும். அதனை இப்பேச்சில் விளக்க விரும்புகிறேன்.

நம் முன்னோர் இசைக்கருவிகளை நான்கு வகையாகப் பகுத்தனர். மத்தளம் முதலியன தோற்கருவிகள். குழலும் நாகசுரமும் துளைக்கருவிகள். யாழும் வீணையும் நரம்புக்கருவிகள். தாளம் முதலியன கஞ்சக்கருவிகள். இவற்றோடு மனிதனுடைய குரலையும் சேர்த்து, அதனை மிடற்றுக்கருவி என்று கூறும் வழக்கமும் உண்டு. மிடறு என்பது கண்டம். குரலையும் ஒரு கருவியாக எண்ணியதில் ஆழ்ந்த கருத்து உள்ளது. நம் நாட்டு இசையில் மற்றக் கருவிகளை எல்லாம் அளந்து பார்ப்பதற்கு அளவுகோலாக நிற்பது அந்தக் குரலே.

இதனைச் சற்று விரித்துரைப்பேன். கருநாடக இசையில் சுரங்கள் படிக்கட்டைப் போலத் தனித்தனியே நிற்பதில்லை. ஒரு சுரம் அடுத்ததை நோக்கி அசையும், வழுக்கிச் செல்லும், இரண்டிற்கும் இடையே ஊசலாடும். இவ்வசைவுகளுக்குக் கமகம் என்று பெயர். தோடி இராகத்தின் காந்தாரத்தை அசைவின்றி நேராக ஒலித்தால், சுரம் இருக்கும், தோடி இராது. பாடுகின்றவருடைய கண்டம் இந்த அசைவுகளை எளிதில் செய்துவிடும். மரமும் மூங்கிலும் உலோகமும் அவ்வாறு எளிதில் இணங்குவதில்லை. ஆகவே, ஒரு கருவியைக் கையில் எடுக்கும் நம் வித்வான் முதலில் கேட்கும் கேள்வி, 'இது பாடுமா?' என்பதே. பாடாவிட்டால் அதனைப் பாட வைப்பதற்கு வழி தேடுகிறார்.

யாழின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். சங்க நூல்களும் சிலப்பதிகாரமும் போற்றிய யாழ் இன்று வழக்கில் இல்லை. பேரியாழுக்கு 21 நரம்புகள், செங்கோட்டியாழுக்கு 7 நரம்புகள் என்று உரைகாரர்கள் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். அறிவியலும் தமிழும் ஒருங்கே கற்ற விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, அக்கருவியின் இலக்கணத்தை ஆராய்ந்து, 1947-ஆம் ஆண்டில் 'யாழ் நூல்' என்னும் பெருநூலை வெளியிட்டார். யாழ் மறைந்தமைக்குக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு நெருங்கியது. நரம்புக்கு ஒரு சுரமாகக் கட்டிய கருவியில் சுரத்தை அசைப்பது அரிது. ஒரே தந்தியில் பல சுரங்களையும், சுரங்களுக்கு இடைப்பட்ட ஒலிகளையும் எழுப்பவல்ல வீணை, அதன் இடத்தைப் பெற்றது.

அந்த வீணையின் அமைப்பைப் பாருங்கள். பலாமரத்தில் குடைந்த குடம். அதனோடு சேர்ந்த நீண்ட தண்டி. தண்டியின்மேல் மெழுகில் பதித்த 24 மெட்டுகள். வாசிப்பதற்கு நான்கு தந்திகள்; தாளத்திற்கும் சுருதிக்கும் மூன்று. மெட்டின்மேல் விரலை வைத்து மீட்டினால் ஒரு சுரம் பிறக்கும். விரலை எடுக்காமல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால், அம்மெட்டிலேயே அடுத்த சுரமும், அதற்கடுத்த சுரமும் தொடர்ந்து பிறக்கும். கமகத்திற்கு இதனினும் ஏற்ற அமைப்பு வேறென்ன வேண்டும்? ஆனால் வீணைக்கு ஒரு குறையும் உண்டு. மீட்டிய ஒலி விரைவில் தேய்ந்துவிடும். பெரிய கூட்டத்திற்கு அது எட்டாது. வீணை தனம்மாள் (1867–1938) இக்குறையைக் குறையாக எண்ணவில்லை. மீட்டுகோல் அணியாமல் வெறும் விரலாலேயே மெல்ல மீட்டுவது அவர் முறை. வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த அவருடைய இல்லத்தில் இசை அறிந்தோர் கூடி, மூச்சையும் அடக்கிக்கொண்டு கேட்பார்களாம். கருவியின் தன்மையை உணர்ந்து, அதற்கேற்ற அவையைத் தேர்ந்துகொள்வதும் கலைஞருடைய அறிவில் ஒரு பகுதியே.

இனி வயலினுக்கு வருவோம். இது மேலைநாட்டிலிருந்து வந்த கருவி என்பது யாவரும் அறிந்ததே. முத்துசுவாமி தீட்சிதருடைய தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியர் ஒருவரிடம் இதனைக் கற்று, நம் இசைக்குப் பயன்படுத்தினார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு இதில் பெற்றிருந்த தேர்ச்சியைக் கண்டு வியந்த சுவாதித் திருநாள் மகாராஜா, 1834-இல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

அயல்நாட்டுக் கருவி ஒன்று நம் கச்சேரி மேடையில் நிலைத்த இடம் பெற்றது எவ்வாறு? இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, வயலினில் மெட்டுகளே இல்லை. விரல் தங்குதடையின்றி வழுக்கிச் செல்லலாம். வில் நகரும்வரை ஒலியும் குறையாது நீளும். ஆகவே அது குரலை நிழல்போல் தொடரவல்லது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. நம்மவர் அக்கருவியை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மேலைநாட்டார் நின்றுகொண்டோ நாற்காலியில் அமர்ந்தோ, முகவாயாலும் தோளாலும் அதனைப் பற்றிக்கொள்வார்கள். நம் வித்வான் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வலக்காலைச் சற்று நீட்டி, வயலினின் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி, அடிப்பகுதியை மார்பில் சார்த்திக்கொள்கிறார். கருவியைத் தாங்கும் வேலை இடக்கைக்கு இல்லாமற் போகவே, அக்கை தந்தியின் நெடுகிலும் ஏறி இறங்க முடிகிறது. சுருதி கூட்டும் முறையும் மாறிவிட்டது. சட்சமம், பஞ்சமம், மேற்சட்சமம், மேற்பஞ்சமம் என்று நம் முறைப்படி நான்கு தந்திகளையும் கூட்டுகிறார்கள். மரமும் தந்தியும் வில்லும் அவையேதான். ஆயினும் கருவி நம்முடையதாகிவிட்டது. பக்கவாத்தியமாக இருந்த அதனைத் தனிக்கச்சேரிக்கும் உரியதென்று நிலைநாட்டியவருள் துவாரம் வெங்கடசுவாமி நாயுடு (1893–1964) முதன்மையானவர்.

வெளியிலிருந்து வந்த கருவியே இவ்வாறு மாறியது என்றால், மண்ணில் பிறந்த கருவிகள் மாறாமல் இருந்தனவா? அவையும் மாறின. புல்லாங்குழல் மிகப் பழைய கருவி. ஆனால் அதனைத் தனிக்கச்சேரிக்கு உரிய கருவியாக உயர்த்தியவர், கண்பார்வை இழந்த கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872–1904). அவருடைய மாணவராகிய பல்லடம் சஞ்சீவ ராவ் அதனைப் பரப்பினார். அதன்பின் வந்த டி. ஆர். மகாலிங்கம் என்னும் மாலி (1926–1986), விரல்களை வைக்கும் முறையையே மாற்றி, துளையை முழுதும் மூடாமல், சிறிது சிறிதாகத் திறந்தும் மூடியும் குரலுக்குரிய வளைவுகளை மூங்கிலில் வருவித்தார். இன்று குழல் பயில்வோரிற் பலர் பின்பற்றுவது அவர் காட்டிய வழியே.

நாகசுரத்தின் கதை இதனினும் சுவையானது. திமிரி என்னும் நாகசுரம் நீளத்தில் குறைந்தது, சுருதியில் உயர்ந்தது. கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டின்போது, நெடுந்தொலைவு கேட்க வேண்டிய இசைக்கு அதுவே ஏற்றது. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இளமையில் வாய்ப்பாட்டுப் பயின்றவர். தாம் பாட நினைத்ததை எல்லாம் நாகசுரத்தில் வாசிக்க விரும்பினார். அதற்காக நீண்டு, சுருதி தாழ்ந்து ஒலிக்கும் பாரி நாகசுரத்தைக் கைக்கொண்டார். சுருதிக்கு ஒத்து ஊதும் வழக்கத்தை விட்டுத் தம்புராவை வைத்துக்கொண்டார். மணிக்கணக்கில் அவர் வாசித்த தோடி இராகம் இன்றும் பேசப்படுகிறது.

இங்கே மற்றொருவரையும் நினைவுகூர வேண்டும். இராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாகசுரம் செய்து கொடுத்தவர், ஆடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையைச் சேர்ந்த ரங்கநாதன் ஆசாரி. பழைய நாகசுரத்தில் சுத்த மத்திமம் ஒழுங்காக அமையாத குறை இருந்தது. துளைகளின் இடத்தையும் அளவையும் ஆராய்ந்து, அக்குறையை நீக்கியவர் அவரே. பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடிக் கொணர்ந்து கடைந்து செய்யும் இத்தொழிலுக்கு, 2022-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வித்வானுடைய பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆசாரியின் பெயர் சிலருக்கே தெரியும். ஆனால் ஒருவரின்றி மற்றவருடைய கலை நிறைவு பெற்றிராது.

நம் காலத்திற்கு நெருங்கியவர்களையும் பார்ப்போம். ஆந்திர நாட்டுப் பாலகொல்லில் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) சிறுவராக இருந்தபோதே மாண்டலினை விரும்பி எடுத்தார். அதில் மெட்டுகள் நெருக்கமாக இருக்கும். நான்கு இரட்டைத் தந்திகள் கட்டியிருக்கும். ஒலியும் உடனே அடங்கிவிடும். அவர் மின்மாண்டலினைத் தேர்ந்து, இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகளைக் கட்டிக்கொண்டார். ஒற்றைத் தந்தியை இழுப்பது எளிது. மின்விசையால் ஒலியும் நீண்டது. கமகம் கைகூடிற்று. பெல்ஜியம் நாட்டு அடால்ப் சாக்ஸ் 1846-இல் உரிமை பெற்ற சாக்ஸபோன், பட்டாளத்து வாத்தியக் குழுக்களில் முழங்கிய கருவி. மைசூர் அரண்மனைக் குழுவில் அதனைக் கேட்டு மனம் பறிகொடுத்த கத்ரி கோபால்நாத் (1949–2019) ஒரு நாகசுர வித்வானின் மகன். சாக்ஸபோனின் துளைகளை மூடுபவை விரல்கள் அல்ல, சாவிகள். ஆகவே துளையைப் பாதி திறக்கும் உபாயம் அங்கே செல்லாது. அவர் கருவியிலும் சில மாறுதல்களைச் செய்து, உதட்டாலும் மூச்சாலும் சுரத்தை அசைத்துப் பல்லாண்டு பயின்று வெற்றி கண்டார்.

எல்லாக் கருவிகளும் இவ்வாறு இணங்கினவா என்று நீங்கள் கேட்கலாம். ஆர்மோனியம் இணங்கவில்லை. அதன் கட்டைகள் தரும் சுரங்கள் நிலையானவை. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்ல வழியில்லை. இக்குறையைக் காட்டி 1940-இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கியது. 1971-இல்தான் அத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. எனினும், நாடக மேடையில் நடிகருடைய குரலுக்குத் துணைநின்று, கொட்டகையின் கடைசி வரிசைவரை பாட்டைக் கொண்டுசென்றது அந்த ஆர்மோனியமே. ஓர் இடத்திற்கு ஒவ்வாதது வேறோர் இடத்தில் இன்றியமையாததாகிறது.

தாளக் கருவிகளைப் பற்றி ஒரு சொல். மிருதங்கத்தைச் சுருதி கூட்டலாம். மானாமதுரை மண்ணில் செய்த கடத்தைச் சூளையிலிருந்து எடுத்தபின் அவ்வாறு கூட்ட இயலாது. ஆகவே கட வித்வான்கள் வெவ்வேறு சுருதியுள்ள பல கடங்களை வைத்திருந்து, பாடுகின்றவருடைய சுருதிக்கு ஏற்றதைத் தேர்ந்து மேடைக்குக் கொண்டுவருகிறார்கள். இங்கும் குரலே தலைமை வகிக்கிறது.

இவ்வளவும் சொன்னதன் பயன் என்ன? இன்னின்ன கருவி இன்னின்னார்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. குலத்தால் ஒரு கருவி விலக்கப்பட்டது. பெண் என்பதால் மற்றொன்று மறுக்கப்பட்டது. மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் நாகசுரத்தை ஏந்தி மேடையேறிப் புகழ் பெற்றார். ஆந்திராவிலிருந்து வந்து திருவரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா (1924–1999), நாகசுர உலகின் பெருமக்களுள் ஒருவரானார். மூங்கிலுக்கும் மரத்திற்கும் வாசிப்பவர் யாரென்ற ஆராய்ச்சி கிடையாது. அவ்வேற்றுமைகளை எல்லாம் மனிதரே வகுத்தனர். ஆதலால் அவற்றை நீக்க வேண்டியவரும் மனிதரே.

மாணவர்களே! உங்களுள் சிலர் இசை பயில விரும்புவீர்கள். கருவியைத் தேர்வதற்கு முன் மூன்று செய்திகளை எண்ணிப் பாருங்கள். முதலாவது, எந்தக் கருவியின் நாதம் உங்கள் உள்ளத்தை ஈர்க்கிறது? பிறர் புகழ்வதற்காக எடுத்த கருவி நெடுநாள் கையில் நில்லாது. இரண்டாவது, சிறிதளவேனும் பாடப் பழகுங்கள். குரலில் வராதது விரலில் வருவது அரிது. மூன்றாவது, எடுத்த கருவியின் குறையை அறிந்துகொள்ளுங்கள். குறையற்ற கருவி எதுவும் இல்லை. வீணையின் ஒலி தேய்கிறது. குழலின் துளைகள் சில. மாண்டலினின் கழுத்துச் சிறியது. மேற்கூறிய மேதைகள் எல்லாரும் அக்குறையைக் கண்ட இடத்திலிருந்தே தம் உழைப்பைத் தொடங்கினார்கள்.

ஆகவே, 'எந்தக் கருவி சிறந்தது?' என்று கேட்பதைவிட, 'எந்தக் கருவிக்காக நான் பல்லாண்டு உழைக்க ஒருப்படுவேன்?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு விடை கிடைத்த அன்றே ஓர் ஆசிரியரை நாடிச் சென்று பயிற்சியைத் தொடங்குங்கள். இசை பயிலாதவர்களும் நல்ல கேள்வியால் இக்கலைக்குத் துணைசெய்யலாம். அடுத்த முறை ஒரு கச்சேரியைக் கேட்கும்பொழுது, கருவி எங்கே குரலைப் போலப் பாடுகிறது என்று செவிகொடுத்துக் கேளுங்கள். வாசிப்பவருடைய விரலையும், அக்கருவியைச் செய்தவருடைய உளியையும் சேர்த்துப் போற்றுங்கள்.