எடுக்காத விடுப்பும் உழைத்த கூலியே

ஓய்வு என்பது தொழிலாளிக்கு முதலாளி மனமிரங்கி அளிக்கும் சலுகையன்று; உழைத்து ஈட்டிய உரிமை. இதனை வாயளவில் மறுப்பவர் இன்று அரிது. ஆனால், அந்த ஓய்வை எடுக்காமலே ஒருவர் வேலையை விட்டு விலகினால், அல்லது பணியிலிருக்கும்போதே கண்மூடினால், அவர் கணக்கில் நிற்கும் விடுப்பு நாள்கள் என்னவாகும்?

நம் குடும்பங்களில் பலருக்கு இக்கேள்வியே எழுவதில்லை. கடைசி மாதச் சம்பளம் வந்ததா, வருங்கால வைப்பு நிதி வந்ததா, பணிக்கொடை உண்டா என்று விசாரிப்போம். விடுப்புக்கான பணத்தைப் பற்றிக் கேட்க மாட்டோம். அரசு ஊழியர் வீடுகளில் 'சரண் விடுப்பு' என்ற சொல் நன்கு அறிமுகமானது. தமிழ்நாட்டில் 2020 ஏப்ரலில் அது நிறுத்தி வைக்கப்பட்டபோது எழுந்த குறையும், 2025 அக்டோபர் முதல் மீண்டும் வழங்கப்பட்டபோது உண்டான மகிழ்ச்சியும் நாம் அறிந்தவையே. ஆனால் நூற்பாலையிலும், பட்டறையிலும், தனியார் நிறுவனத்திலும் உழைப்பவருக்கும் இத்தகைய உரிமை உண்டு என்பதை எத்தனை பேர் அறிவோம்?

உரிமை வந்த வழி

1936-ஆம் ஆண்டு, ஜெனீவாவில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு, ஓராண்டு தொடர்ந்து உழைத்தவருக்குக் குறைந்தது 6 வேலை நாள்களேனும் கூலியுடன் விடுமுறை அளிக்க வேண்டும் என்று ஓர் உடன்படிக்கையை ஏற்றது. நம் நாட்டில் 1945-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தால் தொழிற்சாலைத் தொழிலாளருக்கு இவ்வுரிமை கிடைத்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதனை விரிவாக்கியது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட உழைப்பைப் பற்றிய சுற்றுமடலும், ஞாயிறு ஓய்வோடு ஆண்டுக்கொரு முறை பெறும் நீண்ட விடுமுறையையும் தொழிலாளியின் உரிமைகளுள் ஒன்றாக எண்ணுகிறது.

2025 நவம்பர் 21 முதல், பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில், 2020-இல் இயற்றப்பட்ட தொழிற் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தும். நிர்வாகப் பொறுப்பில் உள்ளோர் இதன்படி தொழிலாளர் ஆகார்.

கணக்கு எவ்வாறு?

ஓர் ஆண்டில் 180 நாள்கள் உழைத்தவருக்கு, ஒவ்வொரு 20 வேலை நாளுக்கும் ஒரு நாள் வீதம் கூலியுடன் விடுப்பு உண்டு. பழைய சட்டம் இதற்கு 240 நாள்கள் கேட்டது. எடுக்காத விடுப்பு அடுத்த ஆண்டுக் கணக்கில் சேரும். ஆனால் அவ்வாறு சேர்வது 30 நாள்களுக்கு மேற்படலாகாது. 30-க்கு மேற்பட்ட நாள்களுக்குப் பணம் பெறலாம். அதுவன்றி, ஆண்டின் இறுதியில் தொழிலாளி தாமே கேட்டு விடுப்பைப் பணமாக்கிக் கொள்ளவும் புதிய சட்டம் இடம் தருகிறது.

வேலையை விட்டு விலகினாலும், விலக்கப்பட்டாலும், மீதமுள்ள விடுப்புக்கு உரிய கூலியை இரண்டாம் வேலை நாள் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். அவ்வாண்டில் அவர் 180 நாள்கள் உழைத்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இங்கே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவர் கணக்கில் முந்திய ஆண்டுகளின் விடுப்பு 24 நாள்கள் இருக்கின்றன. இவ்வாண்டு 120 நாள்கள் உழைத்தபின் வேலையை விடுகிறார். அந்த 120 நாள்களுக்கு 6 நாள்கள் சேர, மொத்தம் 30 நாள்கள். நாட்கூலி 500 ரூபாய் எனக் கொண்டால், அவருக்கு 15,000 ரூபாய் வர வேண்டும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ, வீட்டு வாடகைக்கோ உதவக்கூடிய இத்தொகையைக் கேட்கத் தெரியாமல் இழப்பது எவ்வளவு பரிதாபம்!

இறந்தவரின் விடுப்பு

பணியிலிருக்கும்போதே தொழிலாளி இறந்துவிட்டால், அவரோடு அவர் ஈட்டிய விடுப்பும் மறைந்துவிடுவதில்லை. அதற்குரிய கூலியை அவருடைய வாரிசுக்கோ, அவரால் நியமிக்கப்பட்டவருக்கோ 2 மாதங்களுக்குள் கொடுத்தல் வேண்டும். ஓய்வு பெறுவோருக்கும் இதே காலவரையறைதான். துயரத்தில் ஆழ்ந்திருக்கும் கைம்பெண்ணுக்கு இவ்விவரத்தை எடுத்துச் சொல்லி, மனு எழுதித் தருவது உற்றார் உறவினர் செய்யக்கூடிய மெய்யான உதவியாகும்.

ஓய்வுக்காலப் பணத்தை இஷ்டம்போல் நிறுத்தி வைக்க முடியுமா? 2013-இல் ஜார்க்கண்ட் மாநில அரசு தொடர்பான ஒரு வழக்கில், ஓய்வூதியமும் பணிக்கொடையும் ஊழியர் நெடுங்காலம் உழைத்து ஈட்டிய உடைமை என்றும், சட்டத்தின் ஆதாரமின்றி வெறும் நிர்வாக ஆணையால் அவற்றையோ விடுப்புப் பணத்தையோ பிடித்து வைக்கலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எழுத்தில் கேளுங்கள்

விடுப்பு வேண்டுமென்று வாயால் கேட்டு, 'ஆள் பற்றாக்குறை, பிறகு பார்ப்போம்' என்ற பதிலோடு திரும்புவது நம்மவர் வழக்கம். எழுத்தில் விண்ணப்பித்து மறுக்கப்பட்ட விடுப்புக்கு 30 நாள் வரம்பு கிடையாது. அது முழுவதும் கணக்கில் நிற்கும். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஓராண்டு பணி முடித்தவருக்கு 12 நாள்கள் விடுமுறை உண்டு. 24 நாள்கள் வரை சேர்த்து வைக்கலாம். ஆனால் அச்சட்டத்தின்கீழ் தாமாக வேலையை விடுபவர், விடுமுறை கேட்டு மறுக்கப்பட்டிருந்தால்தான் அதற்குரிய பணத்தைக் கோர முடியும். கேட்டதற்குச் சான்று இல்லையேல் எதைக் காட்டுவது?

ஆகவே விண்ணப்பத்தின் நகல் ஒன்றைத் தேதியுடன் வீட்டில் வைத்திருங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஆண்டு முடிவில் மீதி நாள்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பயனில்லையேல் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

நம் இல்லங்களில்

வாசகர்களுள் தொழிலாளர் மட்டுமல்லர், பிறரை வேலைக்கு வைத்திருப்போரும் உண்டு. நம் வீட்டில் பாத்திரம் துலக்கி, துணி துவைத்துத் தரும் பெண்ணுக்கு மேற்சொன்ன சட்டங்கள் எட்டுவதில்லை. அவள் ஊர்த் திருவிழாவுக்குப் போன இரண்டு நாளுக்குக் கூலியைப் பிடித்துக்கொள்கிறோமா? பல ஆண்டு உழைத்தவள் விலகும்போது வெறுங்கையோடு அனுப்புகிறோமா? நமக்கு வர வேண்டியதைக் கணக்கிடும் அதே தாளின் மறுபக்கத்தில், நாம் கொடுக்க வேண்டியதையும் எழுதிப் பார்ப்போம்.