மேடையேறும் முன் ஒரு வார்த்தை

மேடை ஏறப்போகும் நேரம். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அப்போது என்ன சொல்லிக்கொண்டால் நல்லது?

ஹார்வர்டு ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் இதைக் கரோக்கி பாடவைத்தே சோதித்தார். பாடுவதற்கு முன் சிலர், “எனக்குப் பதற்றமாக இருக்கிறது” என்றார்கள். வேறு சிலர், “எனக்கு உற்சாகமாக இருக்கிறது” என்றார்கள். சுருதி சேர்கிறதா என்று கவனித்து, வீடியோ கேம் கருவி மதிப்பெண் போட்டது.

உற்சாகம் என்று சொன்னவர்கள்தான் நன்றாகப் பாடினார்கள்!

இத்தனைக்கும் அவர்களுடைய இதயத் துடிப்பு குறையவில்லை. படபடப்பு அதேதான், அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் வேறு.

2014-இல் வெளியான இந்த ஆய்வில், மேடைப் பேச்சுக்கும் கணக்குத் தேர்வுக்கும்கூட உற்சாகம் கைகொடுத்தது. அடுத்த இன்டர்வியூவுக்குப் போகும்போது நீங்களும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்களேன்!