ரெக்சின்: அன்று கலந்தார்கள், இன்று பிணைக்கிறார்கள்

சித்திரை வெயிலில் நகரப் பேருந்தின் ரெக்சின் இருக்கையில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அந்தச் சூடு மறந்திருக்காது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், தொடை காந்தும். புதிதில் வழவழப்பாக இருந்த ரெக்சின் சில வருடங்களில் விறைத்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெடித்து, உள்ளே திணித்த தேங்காய் நார் எட்டிப் பார்க்கும். பள்ளிக்கூடப் பை, சினிமாக் கொட்டகை நாற்காலி, ரிக்‌ஷா இருக்கை எல்லாவற்றுக்கும் அதே கதிதான். இன்று நம் வீட்டுக் கூடத்தில் கிடக்கும் சோபா வேறு விதமாகச் சாகிறது. அது வெடிப்பதில்லை. சில மழைக்காலங்களைக் கண்டதும் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து, உட்கார்ந்து எழுந்தவரின் வேட்டியில் கருந்துகளாக ஒட்டிக்கொண்டு போகிறது.

வெடிப்பதற்கும் உரிவதற்கும் காரணங்கள் வேறு. அன்றைய ரெக்சின் வெடித்தது, மென்மைக்காகக் கலந்த எண்ணெய் அதைவிட்டுப் போய்விட்டதால். இன்றைய சோபா உரிவது, எண்ணெயே தேவைப்படாத ஒரு பாலிமரின் சங்கிலி ஈரத்தில் அறுந்துபோவதால். செயற்கைத் தோலின் நூறாண்டு வேதியியலை இந்த இரண்டு நோய்களையும் வைத்தே சொல்லிவிடலாம்.

முதல் ரெக்சினுக்கு மூலப்பொருள் பருத்தி. பருத்தியை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும் என்று 1846இல் பாசல் நகரத்து ஷோன்பைன் கண்டறிந்தார். அதில் நைட்ரஜன் 13 சதவீதத்தை எட்டினால் அது வெடிமருந்து. 11, 12 சதவீதத்தில் நிறுத்தினால் கரைத்துத் துணிமேல் பூசக்கூடிய பிசின். வெடிமருந்து விற்றுவந்த டூபான்ட் நிறுவனம் 1910இல் ஃபேப்ரிகாய்டு என்ற துணித்தோல் கம்பெனியை வாங்கியதில் ஆச்சரியமில்லை. இரண்டுக்கும் மூலச்சரக்கு ஒன்றுதானே. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்ற ஊரிலிருந்து ரெக்சின் வந்தது. ரயில் பெட்டி, மோட்டார் வண்டி, புத்தக அட்டை என்று எங்கும் பரவியது.

காய்ந்த நைட்ரோசெல்லுலோஸ் படலம் மடித்தால் முறியும். அதை வளைய வைக்க அவர்கள் சேர்த்தது விளக்கெண்ணெய். ஆமணக்கு விதையில் பிழிந்த அதே எண்ணெய்தான். ஆனால் விளக்கெண்ணெய் அந்தப் பிசினோடு முழுதாகக் கரைந்து ஒன்றாவதில்லை. உள்ளே தனியாக நிற்கும், நாளாக ஆகக் கசிந்து மேலே வரும், சிக்கு வாடை அடிக்கும். போதாக்குறைக்கு, ஒரு தீக்குச்சி பட்டால் பற்றிக்கொள்ளும் பொருள் அது.

அடுத்து வந்தது பிவிசி. 1872இல் ஜெர்மானிய வேதியியலாளர் பௌமன், வினைல் குளோரைடு இருந்த குடுவையை வெயிலில் வைத்துவிட்டுப் பார்த்தபோது உள்ளே வெள்ளைத் திடப்பொருள் படிந்திருந்தது. கெட்டியான, உருக்கினால் கருகுகிற அதை என்ன செய்வதென்று அரை நூற்றாண்டுக்குமேல் யாருக்கும் பிடிபடவில்லை. 1926இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குட்ரிச் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டோ செமன் ரப்பரை இரும்போடு ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தார். பிவிசியைக் கொதிநிலை அதிகமுள்ள ஒரு திரவத்தில் போட்டுச் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை. ஆறியதும் கையில் வளைந்து துள்ளும் ஒரு பொருள் கிடைத்தது. நம் ஊரில் பிற்காலத்தில் ரெக்சின் என்று விற்றதெல்லாம் பெரும்பாலும் அந்த வழியில் வந்த பிவிசிதான்.

அதில் சேரும் எண்ணெய்க்குத் தொழிலில் டிஓபி என்று பெயர். 100 கிலோ பிசினுக்கு 60, 70 கிலோகூட ஊற்றுவார்கள். இந்த எண்ணெயின் மூலக்கூறுகள் பிவிசி சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கி வைக்கின்றன. சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன, படலம் மென்மையாகிறது. ஆனால் எண்ணெய் எந்தச் சங்கிலியோடும் பிணைந்திருப்பதில்லை. தலையில் தேய்த்த எண்ணெய் தலையணைக்குப் போவதுபோல், தொட்ட பொருளுக்கெல்லாம் அது நகர்ந்து போகும். வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடியில் உட்புறமாகப் படிகிற மங்கலில் இந்த எண்ணெய்க்குப் பங்குண்டு. எண்ணெய் போனபின் எஞ்சுவது பௌமன் கண்ட அந்தப் பழைய விறைத்த பிவிசி. அதனால்தான் பேருந்து இருக்கை வெடித்தது.

போகிற எண்ணெய் எங்கே போகிறது என்ற கேள்வி தாமதமாகத்தான் எழுந்தது. குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மையிலிருந்து அது குழந்தைக்குள் போகிறது. டிஓபி இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் தற்காலிகமாகவும் 2005இல் நிரந்தரமாகவும் பொம்மைகளில் அதைத் தடுத்தது. வேதியியலாளர்கள் கண்ட மாற்றில் ஓர் அழகு இருக்கிறது. டிஓபியில் பென்சீன் வளையத்தின் பக்கத்துப் பக்கத்து இடங்களில் உட்கார்ந்திருக்கும் இரண்டு கிளைகளை எதிரெதிர் முனைகளுக்கு மாற்றினால் டிஓடிபி. அணுக்களின் எண்ணிக்கையில் ஒன்றுகூட மாறவில்லை, எடையும் மாறவில்லை. இருந்தும் உடல் அதை வேறு பொருளாகவே நடத்துகிறது, அந்தக் கெடுதி அதற்கில்லை. பென்சீன் வளையத்திலேயே ஹைட்ரஜனை ஏற்றிச் செய்த இன்னொரு மாற்றை பிஏஎஸ்எஃப் நிறுவனம் 2002இல் கொண்டுவந்தது. பிவிசி சூட்டில் கருகாமலிருக்க அன்று சேர்த்த ஈய உப்புகளின் இடத்தில் இன்று கால்சியம், துத்தநாகச் சேர்மங்கள் இருக்கின்றன.

இவையெல்லாம் எண்ணெயை மாற்றிய வேலை. நகர்வதை நிறுத்தும் வேலையைச் சிலர்தான் தொட்டார்கள். 2010இல் மாட்ரிட்டில் ஓர் ஆய்வுக்குழு பிவிசியின் குளோரின் அணுக்களில் சிலவற்றை அகற்றி, அந்த இடத்திலேயே மென்மைதரும் மூலக்கூறைப் பிணைத்துக் காட்டியது. கரைப்பானில் போட்டு எடுத்தாலும் அது கழன்று வரவில்லை. மென்மை மட்டும் பழைய எண்ணெய் தருகிற அளவுக்கு இல்லை. கட்டிப்போட்ட மூலக்கூறால் பழையபடி தாராளமாக அசைய முடியாது. விலையும் கூடுதல். அதனால் அது சந்தைக்குரிய பதிலாகவில்லை.

அந்தப் பதில் வேறொரு பாலிமரிலிருந்து வந்தது. 1937இல் லெவர்குசனில் ஓட்டோ பாயர் பாலியூரித்தேனைச் செய்தார். அதன் சங்கிலியில் நெகிழ்ந்து சுருளும் துண்டும் இறுகி நிற்கும் துண்டும் மாறி மாறி வரும். மென்மை சங்கிலியின் பகுதியாகவே பிறக்கிறது, வெளியிலிருந்து எண்ணெய் ஊற்ற வேண்டாம். செயற்கைத் தோலின் வரலாற்றில் பெரிய திருப்பம் என்று நான் கருதுவது இதைத்தான்.

திருப்பம் நேராக வெற்றியில் முடியவில்லை. டூபான்ட் 1963இல் கார்ஃபாம் என்ற நுண்துளைத் தோலை அறிமுகப்படுத்தியது. காற்றுப் புகும், பளபளக்கும், தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் மாட்டுத்தோல் செருப்பு நாளடைவில் காலுக்கேற்ப விரிந்து கொடுக்கும். கார்ஃபாம் ஒவ்வொரு இரவும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பியது. மறுநாள் காலையில் மறுபடியும் கடித்தது. சுமார் 10 கோடி டாலர் நட்டம் என்று மதிப்பிடப்பட்ட நிலையில் 1971இல் அதைக் கைவிட்டார்கள். ஜப்பானியர்கள் வேறு வழியில் போனார்கள். டோரே நிறுவனத்தின் மியோஷி ஒகமோட்டோ 1970இல், ஒரு பாலிமருக்குள் இன்னொரு பாலிமரின் மெல்லிழைகளைப் பொதிந்து நூற்று, பிறகு வெளிப்பாலிமரைக் கரைத்து எடுத்தார். எஞ்சிய இழைகள் தோலின் கொலாஜன் இழைகளைப்போல நுண்ணியவை. இன்றைய ‘மைக்ரோஃபைபர் லெதர்’ அந்த வழியில் வந்ததே.

இனி நம் சோபாவுக்கு வருவோம். பாலியூரித்தேனின் நெகிழும் துண்டுக்கு மலிவான சரக்கு பாலியெஸ்டர். அதில் எஸ்டர் பிணைப்புகள் வரிசையாக இருக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் தண்ணீர் மூலக்கூறு அந்தப் பிணைப்பை அறுத்து, ஒரு பக்கம் அமிலத்தையும் மறுபக்கம் ஆல்கஹாலையும் விட்டுப்போகும். அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுவதை விரைவுபடுத்தும். முதலில் மெதுவாகவும் பிறகு திடீரென்றும் நடப்பது இதனால்தான். கல்யாணத்துக்கென்று பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம் போட்டு நடந்த அன்றே பொடிந்து விழுவதும் இதே நீராற்பகுப்புதான். பயன்படுத்தாமல் வைத்தால் தப்பித்துவிடும் என்ற நம் கணக்கு இந்தப் பொருளிடம் செல்லாது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் காற்றே அதற்குப் போதும்.

இதற்கு மருந்து இருக்கிறது, பல வருடங்களாகவே இருக்கிறது. எஸ்டருக்குப் பதில் ஈதர் பிணைப்பு வைத்தால் தண்ணீர் அறுக்காது, ஆனால் வெயிலும் ஆக்சிஜனும் தாக்கும். கார்பனேட் பிணைப்பு வைத்தால் இரண்டையும் நன்றாகத் தாங்கும். பாலியெஸ்டரே போதும் என்றால் கார்போடைஇமைடு சேர்க்கலாம். அது உருவாகிற அமிலத்தை உடனே பிடித்துக் கட்டிவிடும். 70 டிகிரி வெப்பத்திலும் 95 சதவீத ஈரப்பதத்திலும் வாரக்கணக்கில் வைத்துப் பார்க்கும் ‘காட்டுச் சோதனை’யும் தொழிலில் உண்டு. கார் இருக்கைக்கு அதைக் கேட்டு வாங்குகிறார்கள். வீட்டுச் சோபாவுக்கு யாரும் கேட்பதில்லை. எனவே நம் ஊர் ஈரத்துக்கு ஒவ்வாத மலிவான சரக்கு, கண்ணுக்கு அதே பளபளப்போடு, நம் தலையில் கட்டப்படுகிறது. தெரிந்த ஒரு குறையை விலைக்காக மூடி விற்பது நேர்மையான வியாபாரம் ஆகாது.

வாங்குகிறவரைவிடச் செய்கிறவருக்கு ஆபத்து அதிகம். பாலியூரித்தேன் தோலில் நுண்துளை வருவதற்கு, பிசினை டிஎம்எஃப் என்ற கரைப்பானில் கரைத்துத் துணியில் பூசி, தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். டிஎம்எஃப் தண்ணீருக்குப் போய்விட, அது இருந்த இடம் துளையாகும். அந்த ஆவியை நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளியின் கல்லீரல் கெடும். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் விதித்த கட்டுப்பாடு 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. கரைப்பானைத் தவிர்க்கும் வழியைப் பாயர் நிறுவனத்தில் டீட்டரிஷ் குழுவினர் 1960களிலேயே திறந்துவிட்டார்கள். அதற்குமுன் பாலியூரித்தேனைத் தண்ணீரில் நிறுத்த சோப்புப் போன்ற பொருளைக் கலந்தார்கள். அந்தச் சோப்பு படலத்திலேயே தங்கி ஈரத்தை இழுத்தது. இவர்கள் மின்னேற்றமுள்ள சிறு குழுக்களைச் சங்கிலியிலேயே பிணைத்தார்கள். பாலிமர் தானாகவே தண்ணீரில் பால்போலப் பரவி நின்றது. இங்கேயும் கலந்ததை விட்டுப் பிணைத்ததுதான் வழியானது.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோலால் வாழ்ந்த ஊர்கள். செய்யாறிலும் பெரம்பலூரிலும் இன்று தோல் அல்லாத காலணி ஆலைகள் வந்துவிட்டன. 2022இல் மாநில அரசு காலணிகளுக்கும் தோல் பொருட்களுக்கும் தனிக் கொள்கையே வெளியிட்டது. தோலுக்கு மாற்று வந்தால், பதனிடும் கழிவால் கெட்ட பாலாறு பிழைக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு அந்த ஆறு பட்ட துன்பம் உண்மை. ஆனால் கரைப்பானும் பிளாஸ்டிக்கும் வரும் வழியிலும் அதே கண்காணிப்பு வேண்டும்.

தோலிடமிருந்து செயற்கைத் தோல் இன்னும் கற்றுக்கொள்ளாத பாடம் வியர்வை. கொலாஜனில் தண்ணீரைப் பற்றும் குழுக்கள் நிறைய உண்டு. அது ஈரத்தை உறிஞ்சி வெளியே கடத்தும். நைலான் நுண்ணிழைக்கு அந்தக் குணம் குறைவு. அந்த இழையின் மேற்பரப்பை இலேசாக அறுத்து, அங்கே கொலாஜன் துண்டுகளை ஒட்டுக்கட்டும் முயற்சிகள் ஆய்வகங்களில் நடக்கின்றன. தோல் பதனிடும்போது சீவி எறியும் கழிவிலிருந்தே அந்தக் கொலாஜனை எடுக்கலாம். 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாறில் இருக்க, கழிவு ராணிப்பேட்டையில் குவிய, இந்த வேலை நம் மண்ணில் பெரிதாக நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

கற்றாழைத் தோல், ஆப்பிள் தோல் என்று விளம்பரத்தில் வருபவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 2021இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ஆய்வு நிலையம் இவற்றைத் தோலோடு ஒப்பிட்டுச் சோதித்தது. எல்லாக் குணங்களிலும் தோலுக்கு ஈடாக எதுவும் நிற்கவில்லை, பலவற்றில் பாலியூரித்தேன்தான் தாங்கிப்பிடித்தது. செடியின் தூளைக் கலந்துவிட்டு இயற்கை என்று சொல்வது பழைய கலப்பு முறைக்கே திரும்புவதாகும். எனக்கு நம்பிக்கை தருவது ஆமணக்கு. அதன் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதமாக இருக்கும் ரிசினோலியிக் அமிலத்தில் ஒரு ஹைட்ராக்சில் குழு இயல்பாகவே இருக்கிறது. பாலியூரித்தேன் செய்யும் ஐசோசயனேட்டோடு அது நேராக வினைபுரிந்து சங்கிலியின் அங்கமாகிறது. ஆமணக்கிலிருந்து கிடைக்கும் செபாசிக் அமிலத்தைக் கொண்டு செய்த பாலியெஸ்டர், வழக்கமான சரக்கைவிட ஈரத்தை நன்றாகத் தாங்குகிறது. உலகில் ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில். அன்று ரெக்சினிலிருந்து கசிந்து வெளியேறிய விளக்கெண்ணெய் இன்று வெளியேற முடியாதபடி பிணைந்து நிற்கிறது.

பிணைந்தது எளிதில் பிரியாது என்பதுதான் மிச்சமிருக்கும் சிக்கல். துணியும் பூச்சும் ஒட்டிய செயற்கைத் தோலைப் பிரித்து மறுசுழற்சி செய்வதற்கு மலிவான வழி இன்னும் வரவில்லை. ஆகவே சோபா வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காமல், மேலே இருப்பது பிவிசியா, பாலியூரித்தேனா, ஈரச் சோதனை செய்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் ஆலைக்காரரிடம் கேட்பார். கிழிந்த பழைய ரெக்சின் பையைப் போகியன்று தீயில் போடாதீர்கள். பிவிசியின் எடையில் பாதிக்கும் மேல் குளோரின். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், டயாக்சின் நஞ்சும் உருவாகும். அதை முதலில் சுவாசிப்பது நெருப்பைச் சுற்றி நின்று மேளம் கொட்டும் பிள்ளைகள்தான்.