முதியோர் இல்லச் சமையலறையில் ஒரு ரவுண்டு!

இங்கிலாந்தின் முதியோர் இல்லம் ஒன்றில் மதியச் சாப்பாடு எப்படித் தயாராகிறது என்று எட்டிப் பார்ப்போமா? வாங்க! மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்ததா? அது முழுக்க நின்று 48 மணி நேரம் ஆகாமல் யாருக்கும் உள்ளே இடமில்லை, தலைமைச் சமையல்காரருக்கும் சேர்த்து!

அடடா, எத்தனை நிறத்தில் நறுக்கும் பலகைகள்! சமைக்காத இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், வெந்த இறைச்சிக்கு மஞ்சள், சாலடுக்குப் பச்சை. மாற்றி எடுத்தால் தொலைந்தது. கோழியை நாம் மஞ்சள்தூள் போட்டு அலசு அலசென்று அலசுவோமே, இங்கே அதைக் குழாய்ப் பக்கமே கொண்டுபோக மாட்டார்கள். தெறிக்கிற தண்ணீரோடு கேம்பிலோபாக்டர் கிருமி சுற்றியிருக்கும் பாத்திரங்களில் எல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளுமாம்!

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குத்தும் தெர்மாமீட்டர்தான். இறைச்சித் துண்டின் நடுவில் சொருகுகிறார்கள். 70 டிகிரி செல்சியஸைத் தொட்டு 2 நிமிடம் நின்றால்தான் வெந்ததாகக் கணக்கு. 8 டிகிரிக்கும் 63 டிகிரிக்கும் இடையே கிருமிகளுக்குத் திருவிழா. சரி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் நிம்மதியா? அங்கேயும் மெதுவாக வளரும் லிஸ்டீரியா. நம்மில் பலருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத அது, எண்பது வயதுப் பாட்டியின் உயிருக்கே உலை வைக்கலாம். சாதாரண ஓட்டலைவிட இங்கே கெடுபிடி அதிகம் என்றால் காரணம் இதுதான், அது முழுக்க நியாயம்.

இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் அடுப்படியில் நிற்கலாம். வேடிக்கை பாருங்கள், சான்றிதழ் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை! வேலைக்கேற்ற பயிற்சியும் மேற்பார்வையும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் பல இல்லங்கள் 'லெவல் 2' உணவுச் சுகாதாரப் பயிற்சியைக் கேட்டு வாங்குகின்றன. டோஸ்ட் போட்டுக் கொடுக்கும் பராமரிப்பாளருக்கும் அது வேண்டும் என்பது என் கட்சி.

பயிற்சி என்றாலே 'கூடாது' பட்டியல் என்று நினைக்காதீர்கள். மஞ்சள்கரு வழியும் அரைவேக்காட்டு முட்டை முதியவர்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. சால்மொனெல்லா பயம்! 2017இல் உணவுத் தர முகமை அந்த அறிவுரையை மாற்றியது. இப்போது ஓட்டில் பாதுகாப்பின் அடையாளமான சிவப்புச் சிங்க முத்திரை இருக்கிறதா, தேதி தாண்டவில்லையா என்று பார்க்கிறார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களைத் தவிர மற்ற தாத்தா பாட்டிகள் எல்லாரும் ரொட்டித் துண்டை மஞ்சள்கருவில் தோய்த்து ஆசை தீரச் சாப்பிடலாம்!