சிறுமி வயிற்றில் ½ கிலோ தலைமுடி! வயிற்றுவலி என்றால் தலையையும் பாருங்கள்

திருவள்ளூர்,

"சூட்டு வலிதான், மோர் குடிச்சிட்டுப் படு" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடும் தாய்மார்கள் கும்மிடிப்பூண்டி பக்கம் ஏராளம். பெரும்பாலும் அது சூட்டு வலிதான். ஆனால், எப்போதும் அல்ல!

2020 ஜனவரியில் கோவையில் நடந்தது இது. 7-ம் வகுப்பு மாணவி. வயது 13. பல மாதங்களாக வயிற்றுவலி. வி.ஜி.எம். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் உருண்டையாக ஏதோ தெரிந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் ஆபரேஷன். வெளியே வந்தது அரை கிலோ தலைமுடி! கூடவே காலி ஷாம்பு பாக்கெட்டுகள்!

நெருங்கிய உறவினர் ஒருவர் இறந்த துக்கத்தில் அவள் அதையெல்லாம் தின்று வந்தது பிறகுதான் தெரிந்தது.

ஜீரணம் ஆகாது

ஓட்டல் சாம்பாரோடு உள்ளே போகும் ஒரு முடிக்குப் பயம் வேண்டாம். அது தானாக வெளியேறிவிடும். நாள்தோறும் பிய்த்துத் தின்றால்தான் வினை. வயிற்று அமிலம் முடியைக் கரைக்காது. வழுவழுப்பான முடி இரைப்பை மடிப்புகளில் தங்கி, சோறும் சேர்ந்து, சாமியார் சடை போலத் திரண்டுவிடும். வாய் நாறும். ரெண்டு வாய் சாப்பிட்டதுமே "வயிறு நெறஞ்சிடுச்சு" என்பாள். உடம்பு இளைக்கும், ரத்தசோகை வரும்.

அமெரிக்காவில் 18 வயதுப் பெண் ஒருத்தியின் வயிற்றில் இருந்து 4½ கிலோ முடியை எடுத்த செய்தி 2007-ல் வந்தது.

சிலருக்கு அந்த உருண்டை வால் போல நீண்டு சிறுகுடலுக்குள் இறங்கும். நீளக் கூந்தல் கொண்ட ஜெர்மன் கதை நாயகியின் பெயரால் இதை 'ரபுன்சல்' நோய் என்கிறார்கள். 1968-ல் வைத்த பெயர். குடல் அடைத்துக் கொண்டால் வயிறு உப்பும், விடாமல் வாந்தி வரும், காற்றுகூடப் பிரியாது. அப்புறம் மோராவது, கஷாயமாவது! உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தாமதித்தால் குடல் ஓட்டையாகி உயிருக்கே ஆபத்து.

முடி எங்கே போச்சு?

பின்னல் நுனியைக் கடிக்கிற பிள்ளை எல்லாம் நோயாளி அல்ல. ஆனால், தலையில் திட்டுத் திட்டாக வழுக்கை தெரிகிறது, பிடுங்கிய முடியோ வீட்டில் எங்குமே காணோம் என்றால், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். பிள்ளை தானாகச் சொல்ல மாட்டாள்.

அடிப்பதில் பயனில்லை. திருத்தணியில் மொட்டை போட்டாலும், முடி வளர்ந்ததும் பழக்கம் திரும்பலாம். ஆபரேஷனுக்குப் பிறகு மனநல டாக்டரிடமும் காட்ட வேண்டும். திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. போனில் கேட்க 14416, காசு கிடையாது.